110–230 டிரான்ஸ்பார்மர் பெட்டிகள்: எதை வாங்கலாம், எதைக் கடையிலேயே விட்டுவிட்டு வரலாம்

நாடு விட்டு நாடு போகும் மின்சாமான்களில் பாதிக்கு, வோல்டேஜை மாற்றித் தரும் இந்த டிரான்ஸ்பார்மர் பெட்டி தேவையே இல்லை. மிச்சத்தில் பாதியை இது காப்பாற்றவும் போவதில்லை. மீதிக்கு மட்டும் இதை விட்டால் வேறு வழி கிடையாது. ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்பார்மர், வோல்டேஜ் கன்வெர்ட்டர் என்று பல பெயரில் விற்கும் இந்தச் சாமானுக்குக் காசு கொடுக்கும் முன், நம் கையில் இருக்கும் மின்சாமான் இதில் எந்த வகை என்று பார்த்துவிட வேண்டும்.

சந்தையில் கிடைப்பவை மூன்று ரகம். முதலாவது, முன்னால் 110 என்றும் 220 என்றும் இரண்டு சாக்கெட், பின்னால் ஒரு சின்னத் தள்ளு சுவிட்ச் வைத்த இரும்புப் பெட்டி. அதிகம் விற்பது இதுதான். இரண்டாவது, பார்க்க அதே மாதிரி இருந்தாலும் தூக்கினால் இடுப்பைப் பிடித்துக்கொள்ளும், உள்ளே இரண்டு தனிச் சுருள் கொண்ட ஐசொலேஷன் டிரான்ஸ்பார்மர். மூன்றாவது, கைக்குள் அடங்கும் பயணக் கன்வெர்ட்டர். இதன் அட்டையில்தான் 1600 வாட், 2000 வாட் என்று பெரிய எழுத்தில் போட்டிருப்பார்கள்.

முதலில் எண்களைச் சரிசெய்துகொள்வோம். வீடுகளுக்கு வரும் மின்சாரம் உலகத்தில் பெரும்பாலும் இரண்டு குடும்பம். அமெரிக்காவிலும் கனடாவிலும் 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ் (நொடிக்கு எத்தனை அலை என்ற கணக்கு). இந்தியா, இலங்கை, சிங்கப்பூர், மலேசியா, ஐரோப்பா, ஆஸ்திரேலியா எல்லாம் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். சாமானில் 110, 115, 120 என்று எது எழுதியிருந்தாலும் முதல் குடும்பம். 220, 230, 240 எல்லாம் இரண்டாவது. இரண்டிலும் சேராத ஆட்கள் உண்டு. ஜப்பானில் 100 வோல்ட், அதுவும் கிழக்குப் பகுதியில் 50 ஹெர்ட்ஸ், மேற்குப் பகுதியில் 60. தென்கொரியாவில் 220 வோல்ட், ஆனால் 60 ஹெர்ட்ஸ். பிரேசிலில் ஊரைப் பொறுத்து 127-உம் உண்டு, 220-உம் உண்டு.

இந்த வோல்ட் எண்கள் எல்லாம் ஆர்எம்எஸ் மதிப்பு, அதாவது ஏறி இறங்கும் அலைக்குச் சூடேற்றும் திறனை வைத்துப் போட்ட ஒரு வகைச் சராசரி. அலையின் உச்சி இதைவிட நாற்பது சதவீதம் உயரம்: 230-க்கு உச்சி 325 வோல்ட், 120-க்கு 170. இந்த 325-ஐ நினைவில் வையுங்கள். பயணக் கன்வெர்ட்டர் பற்றிப் பேசும்போது தேவைப்படும்.

தப்பான வோல்டேஜில் சொருகினால் என்ன ஆகும் என்பது சாமானுக்குச் சாமான் வேறுபடும். சூடேற்றும் கம்பி உள்ளவற்றில் கணக்கு எளிது: வோல்டேஜ் இரட்டித்தால் சூடு நாலு மடங்கு. 120 வோல்ட், 1000 வாட் ஹீட்டரின் தடை 14.4 ஓம். அதை 230-இல் மாட்டினால் 3670 வாட் இழுக்கும். கம்பி வெளுத்து அறுந்துபோகச் சில நொடிகள் போதும். திருப்பிப் போட்டுப் பாருங்கள். 230 வோல்ட், 1000 வாட் ஹீட்டரை 120-இல் மாட்டினால் 272 வாட்தான் வரும். கெட்டுப்போகாது, ஆனால் தண்ணீர் கொதிப்பதற்குள் ஒரு தூக்கம் போட்டு எழுந்துவிடலாம். ஒரே குடும்பத்துக்குள்ளேயே இந்தக் கணக்கு வேலை காட்டும். 220 என்று எழுதிய ஹீட்டர் 240 வரும் வீட்டில் 19 சதவீதம் கூடுதலாகச் சுடும். ஜப்பானின் 100 வோல்ட் சாமானை 120-இல் போட்டால் கூடுதல் 44 சதவீதம். “கிட்டத்தட்ட ஒன்றுதானே” என்று நேராகச் சொருகுகிறவர்கள் கவனிக்க வேண்டிய எண் இது.

பெட்டி தேவையா என்பதைச் சாமானின் அடியில் ஒட்டியிருக்கும் சீட்டே சொல்லிவிடும். “100-240 வோல்ட், 50/60 ஹெர்ட்ஸ்” என்று இருந்தால் எந்த நாட்டிலும் ஓடும். பிளக்கின் காலை மாற்றும் சாதாரண அடாப்டர் போதும். லேப்டாப், செல்போன், கேமரா சார்ஜர்கள் அனேகமாக எல்லாமே இந்த ரகம்தான். 100-க்கும் 240-க்கும் நடுவில் இருப்பது சிறு கோடா, சாய்கோடா என்று பாருங்கள். சிறு கோடு என்றால் இதிலிருந்து அதுவரை எதுவும் சரி. “115/230” என்று சாய்கோடு இருந்தால் இரண்டில் ஒன்று. எங்கேயோ ஒரு சுவிட்ச் ஒளிந்திருக்கும், அதை நாம்தான் தள்ள வேண்டும்.

பழைய கம்ப்யூட்டர் பவர் சப்ளையின் பின்புறம் உள்ள சிவப்பு சுவிட்ச் அந்த ரகம். 115-இல் தள்ளி வைத்தால் உள்ளே இருக்கும் சுற்று வோல்டேஜை இரட்டிப்பாக்கும் முறைக்கு மாறும். வரிசையாக இரண்டு கெப்பாசிட்டர் (மின்சாரத்தைத் தேக்கி வைக்கும் உறுப்பு). ஒவ்வொன்றும் பொதுவாக 200 வோல்ட் தாங்கும். அந்த நிலையில் 230-இல் மாட்டினால் ஒவ்வொன்றின் மீதும் 325 வோல்ட் ஏற முயலும். துப்பாக்கி வெடித்த மாதிரி சத்தம், பிறகு மீன் கருகியது போல ஒரு நாற்றம். மாறாக 230-இல் தள்ளி வைத்து 120-இல் மாட்டினால் ஒன்றும் ஆகாது, இயங்காது, அவ்வளவுதான்.

இனி முதல் ரகப் பெட்டி. விற்பனையில் இருப்பவற்றில் பெரும்பாலானவை ஆட்டோ டிரான்ஸ்பார்மர். அதாவது ஒரே சுருளின் நடுவில் ஒரு கிளை எடுத்து 110 வாங்குகிறார்கள். இதன் நல்ல பக்கம் எடை. 230-ஐ 110 ஆக்கி 1000 விஏ (வோல்டையும் ஆம்பியரையும் பெருக்கிய எண்) கொடுக்கும்போது கோர், அதாவது சுருளுக்கு நடுவில் இருக்கும் இரும்பு, வழியாக மாற வேண்டியது சுமார் 520 விஏ மட்டுமே. மீதி வயர் வழியாக நேரே போய்விடுகிறது. அதனால் கோரும் சிறிது, செம்பும் குறைவு, விலையும் அதற்கேற்ப. கெட்ட பக்கம், உள்ளே வரும் லைனும் வெளியே போகும் லைனும் ஒன்றாக இணைந்திருப்பது. சுருளின் பொதுப் பாதி எங்காவது அறுந்துவிட்டால் மேல் பாதி வழியாக 230 நேராக 110 சாக்கெட்டுக்கு வந்துவிடும். லேசான லோடு என்றால் கிட்டத்தட்ட முழு வோல்டேஜும் வரும். பெட்டி கெட்டது தெரிவதற்குள் சாமான் கெட்டிருக்கும்.

இதற்காக ஆட்டோ வகையை ஒதுக்க வேண்டியதில்லை. வீட்டு மோட்டார் சாமான்களுக்கும் சூடேற்றிகளுக்கும் இது போதும். ஆனால் வாங்கியதும் ஒரு மல்டிமீட்டரை வைத்து மூன்று சோதனை செய்துவிடுவது நல்லது. பிளக்கைச் சுவரிலிருந்து கழற்றிவிட்டு, பெட்டியின் சுவிட்சை மட்டும் ஆன் செய்து வையுங்கள். ஆஃபில் இருந்தால் மீட்டர் பொய் சொல்லும். முதல் சோதனை: பிளக்கின் ஒரு காலுக்கும் 110 சாக்கெட்டின் ஒரு துளைக்கும் இடையே ஓம் பாருங்கள். சில ஓம் காட்டினால் ஆட்டோ. எர்த்தை விட்டுவிட்டு, எந்தக் காலை எந்தத் துளையோடு பார்த்தாலும் திறந்த சுற்று (இணைப்பே இல்லை) என்றே வந்தால் ஐசொலேஷன். அட்டையில் என்ன எழுதியிருந்தாலும் மீட்டர் சொல்வதை நம்புங்கள்.

இரண்டாவது சோதனை எர்த். பிளக்கின் எர்த் காலுக்கும் வெளி சாக்கெட்டின் எர்த் துளைக்கும் இடையே ஒரு ஓமுக்குக் கீழே வர வேண்டும்; பெட்டியின் உலோக உடம்பில் உள்ள ஸ்க்ரூவுக்கும் அதேபோல் வர வேண்டும். மலிவான பெட்டிகளில் அடிக்கடி மாட்டுவது இந்த இடம்தான். எந்த நாட்டுப் பிளக்கும் நுழையும்படி எல்லாத் திசையிலும் வெட்டிய ‘யுனிவர்சல்’ சாக்கெட்டின் எர்த் துளைக்குப் பின்னால் வயரே இருக்காது. அழகுக்கு வைத்த துளை. உலோக உடம்புள்ள சாமானை அதில் மாட்டினால் உள்ளே கசிவு ஏற்படும் நாளில் அந்த உடம்பைத் தொடுகிறவர்தான் எர்த். இந்தச் சோதனையில் தோற்ற பெட்டியைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள், விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும்.

மூன்றாவதாக, சுவரில் மாட்டி 110 பக்கம் வரும் வோல்டேஜைப் பாருங்கள், லோடு இல்லாமல் ஒரு முறை, லோடு போட்டு ஒரு முறை. சும்மா இருக்கும்போது 115 காட்டி முழு லோடில் 108 பக்கம் இறங்கினால் நல்ல காயில் (சுருள்). அதே லோடில் 100-க்கு விழுந்தால் கம்பி மெலிசு, அல்லது செம்புக்குப் பதில் அலுமினியத்தைச் செம்பின் பருமனிலேயே சுற்றியிருக்கிறார்கள். அலுமினியத்தின் தடை செம்பைவிட ஒன்றரை மடங்குக்கு மேல். அலுமினியச் சுருளே தவறல்ல. பருமனைக் கூட்டிச் சுற்றினால் அதுவும் உழைக்கும். பருமனைக் கூட்டாமல் விட்டுவிட்டு வாட் எண்ணை மட்டும் கூட்டி அச்சடிப்பதுதான் மோசடி.

பியூஸைக் கழற்றிப் பாருங்கள். 1000 விஏ பெட்டி 230-இல் இழுப்பது 4.35 ஆம்பியர்; 5 ஆம்பியர் ஸ்லோ-ப்ளோ (கணநேர இழுப்பைப் பொறுக்கும்) பியூஸ் சரி. ஆனால் இதே பெட்டியை 110-இல் மாட்டி 220 எடுக்கும்போது உள்ளே 9.1 ஆம்பியர் வேண்டும். இரண்டு திசைக்கும் ஒரே பியூஸ் என்று கட்டுகிறவர் 10 ஆம்பியர் போட்டாக வேண்டும். அப்புறம் 230 பக்கம் அது இருந்தும் இல்லாத மாதிரிதான்: இரண்டு மடங்கு லோடு ஏறினாலும் அசையாது. காயிலுக்குள்ளேயே, சூடு மிஞ்சினால் கரண்டை வெட்டும் ஒரு தெர்மல் கட்-ஆஃப் வைத்திருந்தால் இந்தக் குறை பெருமளவு அடைபடும். வாங்கும்போது கேட்க வேண்டிய கேள்வி இது.

இந்த ரகத்தின் மிகப்பெரிய குறை பின்னால் இருக்கும் அந்தத் தள்ளு சுவிட்ச். வரும் கரண்ட் 110-ஆ 220-ஆ என்று பெட்டிக்கு நாம் சொல்லும் இடம். சுவிட்ச் 110-இல் இருக்க, பெட்டியை 230 சுவரில் மாட்டினால், 110 சாக்கெட்டில் 230 நிற்கும். 220 சாக்கெட் 460-ஐ நோக்கிக் கிளம்பும். கோர் காந்தத்தால் நிரம்பி பியூஸ் போய்விடும்தான், ஆனால் அதற்கு முன்னால் அதில் மாட்டியிருந்த சாமான் போய்விடும். பெட்டியைத் துடைக்கும்போது விரல் பட்டாலே நகரக்கூடிய சுவிட்ச் இதற்கு வைப்பது வடிவமைத்தவரின் அலட்சியம். ஸ்க்ரூடிரைவரால் மட்டுமே நகரும்படி குழிக்குள் வைத்த சுவிட்ச் தேவலாம். ஒரு திசை மட்டுமே உள்ள பெட்டி அதைவிட மேல். ஏற்கெனவே வாங்கிவிட்டீர்கள் என்றால் சரியான பக்கம் தள்ளி, இன்சுலேஷன் டேப்பை நாலு சுற்று ஒட்டிவிடுங்கள்.

எத்தனை விஏ வாங்குவது? அட்டையில் வாட் என்று போட்டிருந்தாலும் டிரான்ஸ்பார்மருக்குக் கணக்கு விஏதான், ஏனென்றால் காயிலைச் சுடவைப்பது ஆம்பியர். வெறும் ஹீட்டருக்குச் சாமானின் வாட்டைப்போல் ஒன்றேகால் மடங்கு போதும். டிவி, ஆம்ப்ளிஃபையர் மாதிரி மின்னணுச் சாமானுக்கு ஒன்றரை. மிக்ஸி, டிரில், வேக்குவம் கிளீனர் என்று மோட்டார் வந்துவிட்டால் மூன்று மடங்கு. கிளம்பும் அந்த ஒரு நொடியில் அது இழுப்பது ஓடும்போது இழுப்பதைவிடப் பல மடங்கு. 500 வாட் மிக்ஸிக்கு 500 விஏ பெட்டி வாங்கினால், கிளம்பும்போது வோல்டேஜ் தொய்ந்து மோட்டார் திணறும், பெட்டி உறுமும். 1500 விஏ வாங்குங்கள். லேசர் பிரிண்டர் மோட்டார் சாமான் அல்ல என்றாலும் உள்ளே இருக்கும் சூடேற்றும் உருளை விட்டுவிட்டு இழுக்கும். அதற்கும் தாராளமாகவே எடுங்கள்.

எண்ணை நம்பலாமா என்பதற்கு எடையே சாட்சி. தகடு அடுக்கிய கோர் கொண்ட 1000 விஏ ஆட்டோ பெட்டி நாலு கிலோவுக்குக் கீழே இருந்தால் அந்த ஆயிரம் “பீக்” கணக்காக, அதாவது கொஞ்ச நேரம் மட்டும் தாங்கும் உச்ச அளவாக இருக்கும். அப்படிப்பட்டதை நெடுநேரம் ஓட்ட வேண்டுமானால் எழுதியதில் பாதிக்கு மேல் ஏற்றாதீர்கள். அரை மணி நேரம் ஓட்டிய பிறகு உடம்பில் உள்ளங்கையை வையுங்கள். ஐந்து நொடி வைத்திருக்க முடியவில்லை என்றால் வெளியே 60 டிகிரியைத் தொட்டுவிட்டது. உள்ளே காயில் அதைவிடச் சூடு. வார்னிஷ் வாசனை முதல் இரண்டு மூன்று மணி நேரம் வந்து பிறகு நின்றால் புதுப் பெட்டியின் வாசனை. நிற்காமல் வந்தால் அது எச்சரிக்கை.

டொராய்டல் கோர், அதாவது வளைய வடிவ கோர் வைத்த பெட்டி கிடைத்தால் அதையே எடுக்கலாம். எடை குறைவு, சத்தம் குறைவு, சும்மா கிடக்கும்போது தின்னும் கரண்டும் குறைவு. தொல்லை ஒன்றுதான்: சுவிட்ச் போடும் கணத்தில் பலமாக இழுக்கும். எம்சிபி (கரண்ட் மிஞ்சினால் தானாக விழும் சுவிட்ச்) டிரிப் ஆனால் பெட்டி பழுது என்று அவசரப்பட வேண்டாம். பி வகை எம்சிபி அதன் அளவைப்போல் 3 முதல் 5 மடங்கிலேயே உடனே விழும். சி வகை 5 முதல் 10 மடங்கு வரை பொறுக்கும். நல்ல பெட்டிகளில் இந்த முதல் இழுப்பை அடக்க ஒரு தெர்மிஸ்டர் வைத்திருப்பார்கள். எந்தக் கோர் என்றாலும் பழக்கம் ஒன்று: முதலில் பெட்டியை ஆன் செய்து, இரண்டு நொடி விட்டு, அதன் பிறகு சாமானை ஆன் செய்யுங்கள். (அமைதியாக இருந்த டொராய்டல் பெட்டி திடீரென்று முனக ஆரம்பித்தால் வீட்டில் யாராவது ஹேர் டிரையரைக் குறைந்த சூட்டில் வைத்திருக்கிறார்களா பாருங்கள். சில டிரையர்கள் ஒரு டயோடு வழியாக அரை அலையை மட்டும் இழுக்கும். அது லைனைக் கெடுத்து டொராய்டைக் கத்த வைக்கும்.)

சும்மா கிடந்தாலும் பெட்டி கரண்ட் தின்னும் என்பதையும் கணக்கில் வையுங்கள். 15 வாட் தின்னும் பெட்டியை மாதம் முழுவதும் மாட்டியே வைத்தால் 10.8 யூனிட். வேலை முடிந்ததும் சாமானை மட்டும் அல்ல, பெட்டியையும் ஆஃப் செய்யுங்கள்.

இரண்டாவது ரகமான ஐசொலேஷன் பெட்டி பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. இரண்டு தனிச் சுருள். 230 எந்த வழியிலும் 110 பக்கம் தாண்டாது. 1000 விஏ என்றால் பத்துக் கிலோவை எட்டும், விலையும் அதற்கேற்ப. பழைய ஆடியோ சாமான், சோதனைக் கருவிகள், பழுதுபார்க்கும் மேசை ஆகியவற்றுக்கு வாங்கலாம். ஒரு விஷயம் மட்டும் நினைவிருக்கட்டும்: சுவரில் இருக்கும் ஆர்சிடி (கசிவு ஏற்பட்டால் கரண்டை வெட்டும் சுவிட்ச்) இந்தப் பெட்டிக்கு அப்பால் நடக்கும் கசிவைப் பார்க்காது. ஆட்டோ பெட்டி என்றால் பார்க்கும். பாதுகாப்பு என்று கூடுதல் காசு கொடுத்து வாங்குகிறவர்களில் பலருக்கு இது தெரிவதில்லை.

மூன்றாவது ரகத்தை நான் பரிந்துரைக்க மாட்டேன். உள்ளே டிரான்ஸ்பார்மர் கிடையாது. டிரையாக் என்னும் ஒரு மின்னணு சுவிட்ச் இருக்கிறது. 230-இன் அலையை வெட்டி, ஒவ்வொரு அரைச் சுற்றிலும் கடைசிப் பகுதியை மட்டும் விடுகிறது. சராசரியாகப் பார்த்தால் ஹீட்டருக்கு 120 வோல்ட் கிடைத்த அதே சூடு வரும். ஆனால் அலையை அது திறக்கும் கணத்தில் வோல்டேஜ் பூஜ்ஜியத்திலிருந்து ஏறக்குறைய 300-க்கு ஒரே தாவாகத் தாவுகிறது. 170-ஐ மட்டும் எதிர்பார்த்து 200 வோல்ட் கெப்பாசிட்டர் வைத்த 120 வோல்ட் சாமானில் அந்த 300 போய் உட்கார்ந்தால் என்ன ஆகும் என்பதை மேலே சிவப்பு சுவிட்ச் கதையில் பார்த்தோம். சாதாரண மீட்டரை வைத்துப் பார்த்தால் இதில் 70 சொச்சம்தான் காட்டும், “வோல்டேஜ் பத்தவில்லையே” என்று தோன்றும். அந்த மீட்டர் முழு சைன் அலையை நினைத்துக் கணக்குப் போடுகிறது. ட்ரூ ஆர்எம்எஸ் மீட்டர்தான் உண்மையைச் சொல்லும்.

வெறும் கம்பி மட்டும் உள்ள அயர்ன் பாக்ஸ், இம்மர்ஷன் ஹீட்டர் போன்றவற்றைச் சில நிமிடம் ஓட்ட இது தாக்குப்பிடிக்கும். டிஸ்ப்ளே, டைமர், வேகக் கட்டுப்பாடு, ஒரு சின்ன எல்இடி இருந்தால்கூட வேண்டாம். சிலவற்றில் 50 வாட், 1600 வாட் என்று இரண்டு நிலை இருக்கும். 50-இல் உள்ளே ஒரு சின்ன டிரான்ஸ்பார்மர் வேலை செய்கிறது, 1600-இல் டிரையாக். ஷேவர் சார்ஜரை 1600-இல் மாட்டிக் கெடுத்துக்கொள்வது இப்படித்தான். டிரையாக் கெடும்போது பெரும்பாலும் ஷார்ட் ஆகித்தான் கெடும். அப்போது முழு 230-உம் உள்ளே போகும்.

எந்தப் பெட்டியும் செய்யாத ஒரு வேலை உண்டு: ஹெர்ட்ஸை மாற்றுவது. 50 போனால் 50 வரும், 60 போனால் 60. மிக்ஸி, டிரில், வேக்குவம் கிளீனரில் இருக்கும் கார்பன் பிரஷ் மோட்டாருக்கு இது ஒரு பொருட்டே இல்லை. ஃபேன், வாஷிங் மெஷின், ஃபிரிட்ஜ், பழைய ரெக்கார்ட் பிளேயர் இவற்றின் மோட்டார் ஹெர்ட்ஸைப் பார்த்துத்தான் சுற்றும். 60-க்குச் செய்த ரெக்கார்ட் பிளேயர் 50-இல் 33⅓-க்குப் பதில் 27.8 சுற்றுதான் சுற்றும், பாடகர் குரல் கட்டிக்கொண்டதுபோல் கேட்கும். லைனை நம்பி ஓடும் 60 ஹெர்ட்ஸ் கடிகாரம் மணிக்குப் பத்து நிமிடம் பின்தங்கும்.

இவையாவது தொல்லையோடு முடியும். உள்ளே பெரிய டிரான்ஸ்பார்மர் அல்லது பிரஷ் இல்லாத இண்டக்ஷன் மோட்டார் உள்ள 60 ஹெர்ட்ஸ் சாமான் 50-இல் சூடாகி எரியும். காரணம் வோல்டேஜுக்கும் ஹெர்ட்ஸுக்கும் உள்ள விகிதம். 120-ஐ 60-ஆல் வகுத்தால் 2. அதே 120-ஐ 50 ஹெர்ட்ஸில் கொடுத்தால் 2.4, கோரில் காந்தப்புலம் இருபது சதவீதம் கூடி நிரம்பிவிடும். 110 கொடுத்தால் 2.2, 100 கொடுத்தால் மறுபடி 2. ஆகவே “60 ஹெர்ட்ஸ்” என்று மட்டும் எழுதிய பழைய ஆம்ப்ளிஃபையரை 50 ஹெர்ட்ஸ் நாட்டில் ஓட்டியே தீர வேண்டுமென்றால், 120 தரும் பெட்டியைவிட 100 தரும் பெட்டியே அதற்கு நல்லது. கடைக்காரர் “120 சாமானுக்கு 120 பெட்டி” என்றுதான் சொல்வார். மைக்ரோவேவ், ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின் மூன்றையும் எந்தப் பெட்டியை நம்பியும் கொண்டுபோக வேண்டாம். ஃபிரிட்ஜுக்குத் தேவைப்படும் பெட்டியின் எடையையும் விலையையும் பார்த்தால் புது ஃபிரிட்ஜே தேவலாம். பெட்டியின் சீட்டிலும் 50/60 ஹெர்ட்ஸ் என்று இருக்கிறதா பாருங்கள். 60-க்கு மட்டும் சுற்றிய பெட்டியே 50-இல் சூடாகும்.

இது ஸ்டெபிலைசரும் அல்ல. 230-ஐ 110 ஆக்குகிற விகிதம் நிலையானது. சுவரில் 200 வந்தால் வெளியே 96, 250 வந்தால் 120. வோல்டேஜ் ஏறி இறங்கும் இடத்தில் மோட்டார் சாமான் ஓட்டினால் முன்னால் ஒரு ஸ்டெபிலைசர் வேண்டும். இண்டக்ஷன் மோட்டாரின் முறுக்கு விசை வோல்டேஜின் வர்க்கத்தோடு போகும்: 230-க்குப் பதில் 180 வந்தால் 61 சதவீதம்தான் மிச்சம். கம்ப்ரஸர் கிளம்ப முடியாமல் ‘டக்’ என்று ஓவர்லோடு விழுந்து, ஆறி, மறுபடி முயன்று, மறுபடி விழும் சத்தம் கேட்டவர்களுக்குத் தெரியும்.

எதிர்த் திசையில் போகிறவர்களுக்கு வேறு தடை. 120 வோல்ட் நாட்டின் சாதாரண சாக்கெட் 15 ஆம்பியர். நெடுநேரம் ஓட்ட 12 ஆம்பியர்தான் கணக்கு, அதாவது 1440 வாட். 230-க்கான 2000 வாட் கெட்டிலை எவ்வளவு பெரிய ஸ்டெப்-அப் பெட்டியில் மாட்டினாலும் சுவரிலிருந்து 16.7 ஆம்பியர் இழுத்தாக வேண்டும், பிரேக்கர் விழும். 3000 விஏ பெட்டியைச் சாதாரண 120 வோல்ட் பிளக்கோடு விற்பதே வேடிக்கை. வட அமெரிக்க வீடுகளில் அடுப்புக்கும் துணி உலர்த்திக்கும் 240 வோல்ட் லைன் தனியாக வருகிறது. 50/60 ஹெர்ட்ஸ் என்று எழுதிய பெரிய ஹீட்டர் சாமானுக்கு, உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியனிடம் அந்த 240-இல் ஒரு சாக்கெட் போடச் சொல்வது பெட்டியைவிட நேரான வழி. ஆனால் அங்கே இரண்டு வயரிலும் கரண்ட் உண்டு, நியூட்ரல் கிடையாது. சாமானின் சுவிட்ச் ஒரு வயரை மட்டும் வெட்டினால், ஆஃப் செய்த பிறகும் உள்ளே உயிர் இருக்கும்.

பெட்டியோடு சேர்ந்து வரும் இன்னொரு ஆபத்து எக்ஸ்டென்ஷன் பாக்ஸ். 120 வோல்ட் நாட்டில் வாங்கிய, திடீர் வோல்டேஜ் ஏற்றத்தை (சர்ஜ்) தடுக்கும் சர்ஜ் புரொடெக்டர் ஸ்ட்ரிப்பை, “வெறும் வயர்தானே” என்று 230 சுவரில் மாட்டுகிறார்கள். உள்ளே லைனுக்குக் குறுக்கே எம்ஓவி என்று ஒரு சின்ன நீல வட்டு இருக்கிறது. 150 வோல்ட்டுக்கு உட்பட்ட லைனுக்கு என்று வைத்தது. 230 வந்ததும் அது நாள் முழுவதும் சர்ஜ் வருகிறது என்று நினைத்துக் கடத்த ஆரம்பித்து, சூடாகிப் பிளாஸ்டிக்கோடு எரியும். அந்த ஸ்ட்ரிப்பை மாட்டத்தான் வேண்டுமென்றால் டிரான்ஸ்பார்மரின் 110 சாக்கெட்டில் மட்டும் மாட்டுங்கள். அதில் சொருகும் எல்லாச் சாமானின் வாட்டையும் கூட்டிப் பெட்டியின் விஏவோடு ஒப்பிட்டுவிட்டு.